அம்மாவின் மூளையில் விழுந்த சிக்கு

கேள்வி: என் அம்மாவுக்கு 71 வயதில் ஆல்சைமர் நோய் தொடங்கியது. ஒன்பது ஆண்டுகள் அதோடு இருந்து, சென்ற ஆண்டு காலமானார். நினைவு நன்றாக இருந்த காலத்திலேயே, தன் மூளையை ஆராய்ச்சிக்குக் கொடுக்கச் சொல்லி எழுதி வைத்திருந்தார். அப்படியே செய்தோம். இப்போது மூளை வங்கியிலிருந்து அறிக்கை வந்திருக்கிறது. "எடை 1,020 கிராம். நரம்பிழைச் சிக்கல்கள்: பிராக் நிலை 5. அமிலாய்டு படிவுகள் அதிகம்" என்று போட்டிருக்கிறார்கள். எங்கள் மருத்துவர் "ஆல்சைமர்தான் என்று உறுதியாகிவிட்டது" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

கடைசி நாள் வரை அம்மாவுக்குத் தலைவாரிச் சிக்கெடுத்தது நான்தான். என்னை "அக்கா" என்று கூப்பிடுவார். மகள் என்று தெரியாது. மூளைக்குள் விழுந்த அந்தச் சிக்கை எடுக்க வழியே இல்லையா? அதைப் பரிசோதனைக்கூடத்தில் வைத்து என்னதான் செய்கிறார்கள்? அம்மாவைக் கூறுபோடக் கொடுத்துவிட்டோம் என்று அண்ணன் இன்னும் வருந்துகிறார். இந்தப் புரதம் செல்லுக்குச் செல் பரவும் என்றும் படித்தேன். பக்கத்திலேயே இருந்த எனக்கும் வருமா? எனக்கு 46 வயது.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அறிக்கையில் 'நரம்பிழைச் சிக்கல்' என்று இருப்பதை நீங்கள் 'சிக்கு' என்று எழுதியிருக்கிறீர்கள். பல ஆண்டுகளாக அதை நுண்ணோக்கியில் பார்த்துவரும் எனக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைத்ததில்லை. வெள்ளிச் சாயம் ஏற்றிய கண்ணாடித் தகட்டில் அது அப்படித்தான் தெரியும். நரம்புச் செல்லுக்குள் கறுத்த மயிர்க்கற்றை ஒன்று சுருண்டு கிடக்கும். உட்கருவை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, தீச்சுடர் போல ஒரு பக்கம் கூர்ந்து நிற்கும்.

அதை முதலில் விவரித்தவர் அலாய்ஸ் ஆல்சைமர். 1901 நவம்பரில், ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் மருத்துவமனையில் அவுகுஸ்டே டேட்டர் என்ற 51 வயதுப் பெண்ணை அவர் பரிசோதித்தார். அந்த அம்மாவுக்குத் தன் பெயரைக்கூட ஒழுங்காக எழுத முடியவில்லை. 1906 ஏப்ரலில் அவர் இறந்தபோது ஆல்சைமர் மியூனிக்கில் வேலையில் இருந்தார். மூளையை அங்கே வரவழைத்து, அப்போது புதிதாக வந்திருந்த பீல்ஷோவ்ஸ்கியின் வெள்ளிச் சாய முறையில் பார்த்தார். செல்களுக்குள் தடித்த இழைகள் இருந்தன. சில இடங்களில் செல்லே இல்லை. அது இருந்த இடத்தில் இழைக்கற்றை மட்டும் மிஞ்சிக் கிடந்தது. 1906 நவம்பர் 3 அன்று டூபிங்கன் நகரில் நடந்த மருத்துவர் கூட்டத்தில் இதை எடுத்துச் சொன்னார். செல் செத்துக் கரைந்த பிறகும் கரையாமல் கிடக்கும் அந்த இழைகளை இன்று 'ஆவிச் சிக்கல்' என்கிறோம். உங்கள் அம்மாவின் தகடுகளிலும் அவை இருந்திருக்கும்.

இனி, அம்மாவின் மூளை வங்கிக்கு வந்த பிறகு என்ன நடந்திருக்கும் என்பதைச் சொல்கிறேன். அண்ணன் மனதில் இருக்கும் காட்சி வேறு மாதிரியாக இருக்கும் என்று நினைக்கிறேன். அவரையும் படிக்கச் சொல்லுங்கள்.

உயிர் பிரிந்து சில மணி நேரத்துக்குள் எடுத்தால்தான் புரதங்கள் கெடாமல் கிடைக்கும். அதனால்தான் அன்று அவ்வளவு அவசரப்படுத்தியிருப்பார்கள். துக்க வீட்டில் அந்த அவசரம் எவ்வளவு கொடுமையாகத் தெரியும் என்று எனக்குத் தெரியும். முதலில் எடை போடுவார்கள். பெண்களின் மூளை சாதாரணமாக 1,200 கிராமுக்கு மேல் இருக்கும். ஆகவே 1,020 என்ற அந்த ஒரு எண்ணே பெரிய இழப்பைச் சொல்கிறது. அப்புறம் மூளையை நடுவில் இரண்டாகப் பிரிப்பது வழக்கம். ஒரு பாதி ஃபார்மலினில் சில வாரங்கள் ஊறும். இன்னொரு பாதியைச் சிறு பகுதிகளாக்கி, எந்த இடத்திலிருந்து எடுத்தது என்று ஒவ்வொன்றின் மேலும் குறித்து, மைனஸ் 80 டிகிரியில் உறையவைப்பார்கள். அந்தக் குறிப்பு தவறினால் திசுவுக்குப் பயனே இல்லை. அதனால் இருவர் மாறி மாறிச் சரிபார்க்கும்படி நாங்கள் வைத்திருக்கிறோம்.

ஃபார்மலின் பாதியிலிருந்துதான் உங்கள் கைக்கு வந்த அறிக்கை பிறந்தது. பதப்படுத்திய திசுவை மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத மெல்லிய சீவல்களாக எடுப்போம். இப்போதெல்லாம் வெள்ளிச் சாயத்தைவிட ஆன்டிபாடிகளைத்தான் அதிகம் நம்புகிறோம். குறிப்பிட்ட ஒரு பொருளை மட்டும் தேடிப் பிடிக்கும் புரதங்கள் அவை. ஏடி8 என்ற ஆன்டிபாடி, சிக்கலாகத் திரளும் டௌ என்ற புரதத்தில் குறிப்பிட்ட சில இடங்களில் பாஸ்பேட் என்ற சிறு வேதிக்கூறு ஒட்டியிருந்தால் மட்டும் போய்ப் பிடிக்கும். பிடித்த இடம் பழுப்பு நிறமாகத் தெரியும். எந்தெந்தப் பகுதிகளில் பழுப்பு இருக்கிறது என்று பார்த்துத்தான் 'நிலை' சொல்கிறோம்.

ஹைக்கோ பிராக், ஈவா பிராக் என்ற தம்பதியர் 1991இல் வகுத்த முறை இது. டௌ சிக்கல் மூளை முழுவதும் ஒரே சமயத்தில் வருவதில்லை. காதுக்கு உள்பக்கமாக, மூளையின் அடிப்பகுதியில் என்டோரைனல் புறணி என்று ஒரு சிறிய பட்டை இருக்கிறது. நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதிக்குள் புதிய நினைவுகள் நுழையும் வாசல் அது. முதல் இரண்டு நிலைகளில் சிக்கல் அங்கேதான். மூன்றிலும் நான்கிலும் ஹிப்போகாம்பஸும் அதைச் சுற்றிய பகுதிகளும். ஐந்தில் மூளையின் மேலுறையான புறணியின் பெரும்பகுதிக்கு வந்துவிடும். முகத்தையும் பெயரையும் உறவையும் பொருத்திப் பார்க்கும் பகுதிகள் எல்லாம் அதில் அடங்கும். தொடுதலை முதலில் வாங்கும் பகுதியும் கை கால்களை அசைக்கும் பகுதியும் அப்போதும் பெரும்பாலும் தப்பித்திருக்கும். அவை கடைசியாகத்தான் அகப்படும்.

அம்மா உங்களை 'அக்கா' என்று கூப்பிட்டதை நான் இதோடு சேர்த்துத்தான் படிக்கிறேன். நீங்கள் பிறந்து வளர்ந்த பிற்கால நினைவுகள் போன பிறகும், சிறுவயது நினைவுகள் சில காலம் நிற்பதை இந்த நோயில் அடிக்கடி பார்க்கிறோம். உங்கள் கை தலையில் பட்டது அவருக்குத் தெரிந்திருக்கும். யார் கை என்ற பொருத்தம் மட்டும் அறுந்துபோயிருந்தது. அன்பாகத் தலைவாரிய ஒருத்தியை அவர் தன் அக்காவாக்கிக்கொண்டார். தகட்டைப் பார்த்து இதை நிரூபிக்க முடியாது. இருந்தாலும் நான் அப்படித்தான் நம்புகிறேன்.

சரி, சிக்குக்கு வருவோம். டௌ எல்லோருடைய நரம்புச் செல்களிலும் இருக்கும் புரதம், நோய்ப்பொருள் என்று நினைத்துவிடக் கூடாது. 1975இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் மார்க் கிர்ஷ்னரின் குழு அதைக் கண்டுபிடித்தபோது, ஆல்சைமர் நோயோடு அதற்குத் தொடர்பிருக்கும் என்று யாரும் எண்ணவில்லை. நரம்புச் செல்லின் நீண்ட வாலுக்குள் நுண்குழல்கள் ஓடுகின்றன. செல்லுக்கு வேண்டிய சரக்கெல்லாம் அவற்றின் மேல்தான் போகும். டௌ அந்தக் குழல்கள் உருவாக உதவுகிறது. சாரம் கட்டிய கயிறு போல அது குழல்களை இறுக்கிப் பிடித்திருப்பதாகப் பாடநூல்களில் படம் போட்டிருப்பார்கள். ஆனால் உயிருள்ள செல்லில் ஒவ்வொரு மூலக்கூறாகப் பின்தொடர்ந்து பார்த்தால், அது ஓரிடத்தில் நொடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு நேரம்தான் தங்குகிறது. தொடும், விலகும், அடுத்த இடத்தில் தொடும். இவ்வளவு துறுதுறுப்பான ஒரு புரதம், வீரியமான சோப்புக் கரைசலில் போட்டாலும் கரையாத இழையாக எப்படி மாறுகிறது? எங்கள் துறையின் மையக் கேள்வி இதுதான்.

பாஸ்பேட் ஒரு துப்பு. சாதாரண டௌவிலும் இரண்டு மூன்று பாஸ்பேட்கள் இருக்கும். ஆல்சைமர் மூளையில் அது மூன்று நான்கு மடங்காகிறது. பாஸ்பேட் அளவுக்கு மீறி ஏறிய டௌ குழலை விட்டுக் கழன்று, ஒன்றோடொன்று ஒட்ட ஆரம்பிக்கிறது. இதற்கு, செல்களுக்கு வெளியே சேரும் இன்னொரு புரதமான அமிலாய்டின் படிவு தூண்டுகோலாக இருக்கிறது என்பதற்குப் பல சான்றுகள் உண்டு. அது எப்படித் தூண்டுகிறது என்பதில் இன்னும் வாதம் நடக்கிறது. அமிலாய்டு இல்லாமலே டௌ தனியாகவும் கெடுதல் செய்யும் என்று 1998இல் தெரிந்தது. டௌ மரபணுவில் பிழை இருந்த சில குடும்பங்களில், அந்த ஒரு பிழையால் மட்டுமே வேறொரு வகை டிமென்ஷியா வந்திருந்தது.

உறையவைத்த பாதியின் கதை இங்கேதான் தொடங்குகிறது. அண்ணனுக்கு நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவதும் இதைத்தான்.

ஒரு கிராமுக்கும் குறைவான திசுவை எடுத்து அரைத்து, சார்கோசில் என்ற சோப்புப் பொருளைச் சேர்ப்போம். நல்ல புரதங்கள் கரைந்துவிடும். பிறகு புவியீர்ப்பைப் போல லட்சம் மடங்கு விசையில் சுழற்றினால், கரையாத இழைகள் குழாயின் அடியில் படியும். ஒன்பது ஆண்டுகள் ஒரு குடும்பத்தையே உலுக்கிய பொருள், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு பொட்டாக அடியில் ஒட்டியிருக்கும். முதல்முறை அதைக் கையில் பிடித்தபோது நான் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றது நினைவிருக்கிறது.

அந்த இழைகள் இரண்டிரண்டாக முறுக்கிக்கொண்டு இருப்பதை 1963இல் மைக்கேல் கிட் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டார். அது டௌவால் ஆனது என்று தெரிய எண்பதுகளின் நடுப்பகுதி வரை ஆனது. அந்தப் புரதம் உள்ளே எப்படி மடிந்திருக்கிறது என்று பார்க்க இன்னும் முப்பது ஆண்டுகள். 2017இல், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் மிஷேல் கோடர்ட், ஷோர்ஸ் ஷேரஸ் ஆகியோரின் குழு அதைச் செய்தது. இழைகளை நொடிக்குள் உறையவைத்து, கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆயிரக்கணக்கான படங்கள் எடுத்து, கணினியில் சேர்த்தார்கள். மூளையில் இருக்கும் டௌவின் மிக நீளமான வடிவத்தில் 441 அமினோ அமிலங்கள் உண்டு. அதில் 306 முதல் 378 வரையிலான துண்டு மட்டும் பிறை போல வளைந்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தது. மிச்சமெல்லாம் ஓரத்தில் பிசிறாகத் தொங்கியது.

அந்த இழைகள் எங்கிருந்து வந்தன தெரியுமா? ஆல்சைமர் நோயோடு 74 வயதில் இறந்த ஒரு பெண்ணின் மூளையிலிருந்து. ஒரே ஒருவர். அவர் பெயர் நமக்குத் தெரியாது. அவர் வீட்டிலும் உங்கள் அண்ணனைப் போல ஒருவர் வருந்தியிருக்கலாம்.

"பரிசோதனைக்குழாயில் டௌவைத் தயாரித்துப் பார்க்கக் கூடாதா, எலி போதாதா" என்று கேட்பார்கள். சாதாரண எலிக்கு வயதானால் இந்தச் சிக்கல் வராது. மனித டௌ மரபணுவை, அதுவும் பெரும்பாலும் பிழையுள்ளதை, புகுத்தினால்தான் வரும். குழாயில் பல ஆண்டுகளாக ஹெப்பாரின் என்ற பொருளைச் சேர்த்து டௌ இழைகளைச் செய்து, அதன் மேல் மருந்துகளைச் சோதித்துக்கொண்டிருந்தோம். 2019இல் அவற்றின் வடிவத்தைப் பார்த்தபோது, மூளையில் இருப்பதோடு அவை கொஞ்சமும் பொருந்தவில்லை. ஆண்டுக்கணக்கில் வேறொரு சிக்கை எடுக்கப் பழகியிருக்கிறோம்! மூளையின் இழையோடு ஒத்துப்போகும் இழையைக் குழாயில் செய்யும் வழி, சோதித்துச் சோதித்து 2022இல்தான் கைக்கு வந்தது. 'ஒத்துப்போகிறது' என்று சொல்ல அசல் வேண்டுமே. அந்த அசலைக் கொடுத்தது தானம் செய்தவர்களின் மூளை.

இன்னொன்றும் அப்படித்தான் தெரிந்தது. இன்னொரு வகை டிமென்ஷியாவான பிக் நோயில் டௌவின் மடிப்பு வேறு. தலையில் திரும்பத் திரும்ப அடிபட்ட விளையாட்டு வீரர்களுக்கு வரும் மூளைச் சிதைவில் வேறு. ஆனால் ஆல்சைமர் நோயாளிகள் பலரிடம் பார்த்தாலும் மடிப்பு ஒன்றே. உங்கள் அம்மாவின் இழையும் அந்த 74 வயதுப் பெண்ணின் இழையும் பெரும்பாலும் ஒரே மாதிரி மடிந்திருக்கும். ஒருவரிடம் கண்டது இன்னொருவருக்கும் பயன்படும் என்ற நம்பிக்கையோடு நாங்கள் மருந்து தேடுவது இதனால்தான்.

அந்தச் சிக்கை எடுத்திருக்க முடியாதா என்று கேட்டீர்கள். இன்றுவரை முடியாது. அம்மா விஷயத்தில் நீங்கள் எதையும் தவறவிடவில்லை. டௌவைப் பிடித்து அகற்றும் என்று எதிர்பார்த்த ஆன்டிபாடி மருந்துகள் பல, நோயாளிகளிடம் நடந்த சோதனைகளில் பலன் தரவில்லை. அண்மை ஆண்டுகளில் சில நாடுகள் அனுமதித்த லெக்கனெமாப், டோனனெமாப் இரண்டும் அமிலாய்டுக்கானவை. நோயின் ஆரம்பக் கட்டத்தில் இருப்பவர்களுக்கு, அதுவும் ஓரளவு வேகத்தைக் குறைக்கத்தான் அவை உதவுகின்றன.

சிக்கெடுத்தால் போதுமா என்பதிலேயே எனக்குச் சந்தேகம் உண்டு. 2005இல் வெளிவந்த ஓர் எலி ஆய்வை நான் மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வேன். பிழையுள்ள டௌ உற்பத்தியை வேண்டும்போது அடக்கும்படி அந்த எலிகளை உருவாக்கியிருந்தார்கள். அடக்கியதும் எலிகளின் நினைவு மேம்பட்டது. ஆனால் செல்களுக்குள் சிக்கல்கள் குறையவில்லை, கூடிக்கொண்டே போயின. அப்படியென்றால் கண்ணுக்குத் தெரியும் சிக்கைவிட, அதற்கு முன் உருவாகும், இன்னும் கரைந்த நிலையிலேயே திரியும் சிறு கூட்டங்கள்தான் கூடுதல் கெடுதல் செய்கின்றனவா? பலர் அப்படி நினைக்கிறோம். அதே சமயம், மனித மூளையில் மறதியின் அளவோடு அமிலாய்டைவிடச் சிக்கல்களின் எண்ணிக்கைதான் நெருக்கமாகப் பொருந்துகிறது. இரண்டும் உண்மை. இரண்டையும் சேர்த்து விளக்கத்தான் படாத பாடு படுகிறோம். டௌ உருவாவதையே குறைக்கும் ஒரு மருந்து, தண்டுவட நீரில் டௌ அளவைப் பாதியாகக் குறைத்ததாக 2023இல் ஓர் ஆரம்பக்கட்டச் சோதனை காட்டியது. நினைவுக்கு அது உதவுமா என்பது பெரிய சோதனைகளில் தெரியவேண்டும்.

பரவுவது பற்றி. நீங்கள் படித்தது சரிதான், ஆனால் அது ஒரே மூளைக்குள் நடப்பது. 2009இல் ஒரு குழு, சிக்கல் உள்ள எலியின் மூளைச் சாற்றை, மனித டௌ இருந்தும் சிக்கல் வராத எலிகளின் மூளைக்குள் ஊசியால் செலுத்தியது. அங்கும் சிக்கல் உருவாகி, அண்டைப் பகுதிகளுக்குப் போனது. தவறாக மடிந்த ஒன்று, நல்லதைத் தன் வடிவத்துக்கு இழுக்கிறது. தொடுவதாலோ, ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, மடியில் சாய்த்துத் தலைவாருவதாலோ அது வராது. நீங்கள் அம்மாவோடு இருந்த எந்த நாளும் உங்களுக்கு ஆபத்தாகவில்லை.

பரம்பரை வேறு விஷயம். ஒரே மரபணுவால் நேரடியாக வரும் ஆல்சைமர், மொத்தத்தில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. அது பெரும்பாலும் 65 வயதுக்கு முன்பே தொடங்கும். அம்மாவுக்கு 71. ஆகவே அந்தப் பயம் உங்களுக்கு வேண்டாம். தாய்க்கு இருந்ததால் உங்கள் வாய்ப்பு மற்றவர்களைவிட ஓரளவு கூடுதல், அவ்வளவுதான். பி-டௌ 217 என்று ஓர் இரத்தப் பரிசோதனை இப்போது வந்திருக்கிறது. மறதி தொடங்கியவர்களுக்கு அது மிகப் பயனுள்ளது. எந்த அறிகுறியும் இல்லாத 46 வயதில் அதைச் செய்துகொள்ள நான் பரிந்துரைக்க மாட்டேன். பிராக்கின் குழு, 1 வயது முதல் 100 வயது வரை இறந்த 2,332 பேரின் மூளையைப் பார்த்து 2011இல் எழுதியது. டௌ மாற்றத்தின் முதல் சுவடுகள் இளம் வயதினர் பலரிடமே இருந்தன. அவர்களில் எல்லோருக்கும் மறதி வந்திருக்கும் என்று சொல்லவே முடியாது. அந்தப் பரிசோதனைக்குப் பதிலாக இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துக்கொள்ளுங்கள். காது மந்தமானால் உடனே கவனியுங்கள், நடங்கள். மாற்றிக்கொள்ளக்கூடிய 14 காரணிகள் டிமென்ஷியாவில் சுமார் 45 சதவீதத்தோடு தொடர்புடையவை என்று 2024இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் கணக்கிட்டது. செவித்திறன் அந்தப் பட்டியலில் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை.

கடைசியாக அண்ணனுக்கு. அவர் வருத்தத்தை வாதத்தால் தீர்க்க முயலாதீர்கள். அது அம்மாவின் கடைசி விருப்பம் என்பதை மட்டும் நினைவூட்டுங்கள். பிறகு இருவரும் சேர்ந்து, அறிக்கையில் உள்ள எண்ணைக் குறிப்பிட்டு மூளை வங்கிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். திசு எந்த மாதிரியான ஆய்வுகளுக்குப் போகிறது என்று கேளுங்கள். நோய்க்குறியியல் மருத்துவரோடு நேரில் பேச நேரம் கேளுங்கள், முடிந்தால் ஒரு தகட்டைக் காட்டும்படியும் சொல்லுங்கள். என்னிடம் அப்படிக் கேட்டு வருபவர்களுக்கு நான் முதலில் சிக்கலைக் காட்டுவதில்லை. நகர்த்திக்கொண்டே போய், தெளிவான உட்கருவோடு நிற்கும் ஒரு நல்ல நரம்புச் செல்லைத் தேடிப் பிடித்துக் காட்டுவேன். நிலை 5இலும் அப்படிப்பட்டவை ஏராளமாக இருக்கும்.